கூப்பனில் இருந்து ஷீட் வரை: ஃபுட்பால் கணிப்பின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஃபுட்பால் பத்தி. ஆனா கோல் அடிச்சவங்களைப் பத்தி இல்ல. கோல் விழறதுக்கு முன்னாடியே ஸ்கோரை எழுதி வெச்சவங்களைப் பத்தி.

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நம்ம நேரப்படி மத்தியானம் மூணரை மணி, அதாவது பாதி ஆபீஸ் மீட்டிங்ல இருக்கிற நேரம். கத்தாரின் லுசைல் ஸ்டேடியத்துல அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும் மோதுறாங்க. அதுக்கு முன்னாடி தொடர்ந்து 36 மேட்ச்ல அர்ஜென்டினா தோத்ததே இல்ல. பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டி, 1-0. முதல் பாதியிலயே இன்னும் மூணு தடவை பந்து வலைக்குள்ள போச்சு, மூணும் ஆஃப்சைடு. சரி, இது நாலஞ்சு கோல்ல முடியும்னு பார்த்தவங்க நினைச்சிருப்பாங்க. இடைவேளை முடிஞ்சு வந்ததும் 48வது நிமிஷம் அல்-ஷெஹ்ரி ஒரு கோல், 53வது நிமிஷம் அல்-தவ்சாரி ஒரு கோல். சவுதி 2, அர்ஜென்டினா 1. கடைசி வரைக்கும் ஸ்கோர் மாறவே இல்ல.

மறுநாள் சவுதியில நாடு முழுக்க லீவு விட்டாங்க. அந்த நேரத்துல உலகம் முழுக்க ஆபீஸ், ஹாஸ்டல், வாட்ஸப் குரூப்ல ஓடிட்டிருந்த ப்ரெடிக்ஷன் ஷீட்களை யோசிச்சுப் பாருங்க. வரிசையா 3-0, 4-0, 2-0ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. எல்லாருக்கும் முட்டை. குரூப்ல யாராவது ஒருத்தர் சும்மா வம்புக்கு சவுதின்னு போட்டிருந்தா, அன்னிக்கு அவர்தான் ராஜா.

ப்ரெடிக்ஷன் ஷீட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்துக்கறாங்க. ஒவ்வொரு மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் ஆளாளுக்கு ஒரு ஸ்கோர் சொல்லணும். ஜெயிக்கற அணியைச் சரியா சொன்னா ஒரு பாயிண்ட், ஸ்கோரையே அச்சு அசலா சொன்னா மூணு பாயிண்ட், இந்த மாதிரி. ஒரு மாசம் கழிச்சு யார் மேல இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பரிசு பெரும்பாலும் ஒரு பிரியாணி, இல்லன்னா அடுத்த நாலு வருஷத்துக்குப் பெருமை.

இந்த விளையாட்டுக்குப் பின்னாடி நூறு வருஷ வரலாறு இருக்கு. அதைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் எனக்குத் தெளிவாச்சு. கணிப்புல பணம் பெருசாகப் பெருசாக, ஃபுட்பால் அதுக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடுது. சின்ன குரூப்ல, காசு இல்லாம ஆடும்போதுதான் ஃபுட்பால் திரும்ப உள்ள வருது. இன்னிக்கு அந்தக் கதைதான்.

அடுத்த வாரம் காசு

1923, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். ஜான் மூர்ஸ்னு ஒருத்தர், தந்தி கம்பெனியில வேலை. கூட வேலை பார்த்த நண்பர்கள் ரெண்டு பேர், காலின் ஆஸ்கம், பில் ஹியூஸ். ஆளுக்கு 50 பவுண்ட் போட்டு ஒரு தொழில் ஆரம்பிக்கறாங்க. அந்த வாரம் நடக்கப்போற ஃபுட்பால் மேட்ச்களை ஒரு தாள்ல அச்சடிச்சு மக்கள்கிட்ட கொடுக்கறது. மக்கள் யார் ஜெயிப்பாங்கன்னு குறிச்சுத் தபால்ல அனுப்பணும். வந்த காசை எல்லாம் ஒரே இடத்துல சேர்த்து, செலவையும் கமிஷனையும் கழிச்சுட்டு, மீதியைச் சரியா சொன்னவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கறது. சூதாட்டக் கடைக்காரர் மாதிரி இவங்க யாருக்கும் எதிரா பந்தயம் கட்டல. ஆடறவங்க காசு ஆடறவங்களுக்கே. நடத்தறவருக்குக் கூலி மட்டும்.

பகல்ல பார்க்கற வேலைக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அவங்க பேரை மறைச்சாங்க. ஆஸ்கம் பிறந்தப்போ அவர் குடும்பப் பேர் லிட்டில்வுட். அதை எடுத்துக் கம்பெனிக்கு லிட்டில்வுட்ஸ்னு பேர் வெச்சாங்க. முதல் தடவை மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்துக்கு வெளிய 4,000 கூப்பன் கொடுத்தாங்க. திரும்பி வந்தது 35. அடுத்து ஹல் நகரத்துல 10,000 கொடுத்தாங்க. திரும்பி வந்தது ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு ஒரு ஸ்டார்ட்அப்ல இந்த நம்பரைக் காட்டினா முதலீட்டாளர் எழுந்து போயிடுவார். நண்பர்கள் ரெண்டு பேரும் விலகிட்டாங்க. மூர்ஸ் அவங்க பங்கை வாங்கிக்கிட்டுக் குடும்பத்தோட உட்கார்ந்து தொடர்ந்தார். சில வருஷத்துல கோடீஸ்வரர் ஆனார், பிற்காலத்துல எவர்ட்டன் கிளப்புக்குத் தலைவராவும் வந்தார்.

இதுல எனக்குப் ரொம்பப் பிடிச்ச இடம் சட்டம். 1920ல பிரிட்டன்ல ஒரு சட்டம் வந்துச்சு. ஃபுட்பால் மேல கையில காசு வாங்கிப் பந்தயம் நடத்தற தொழிலுக்குத் தடை. கையில காசு வாங்கினாத்தானே தப்பு? கூப்பன் கம்பெனிகள் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. இந்த வாரம் நீங்க கணிப்பை மட்டும் அனுப்புங்க, காசை அடுத்த வாரம் அனுப்புங்க. அதாவது கடன்ல ஆட்டம். தோத்த பிறகு, தோத்த காசைத் தபால்ல அனுப்பணும். லட்சக்கணக்கான பேர், பெரும்பாலும் தொழிலாளர்கள், யாரும் வந்து கதவைத் தட்டாமலே வாராவாரம் அனுப்பியிருக்காங்க. சட்டத்துல இருந்த ஒரு ஓட்டை, கடைசியில பரஸ்பர நம்பிக்கையில நிக்கற ஒரு தொழிலை உண்டாக்கிடுச்சு.

1930களின் கடைசியில வாரத்துக்குச் சுமார் 1 கோடி பேர் கூப்பன் போட்டாங்கன்னு மதிப்பிடறாங்க. வந்து குவியற தாள்களைத் திறந்து, ஒவ்வொண்ணையும் சரிபார்த்துக் கணக்குப் போட ஆயிரக்கணக்கான ஆட்கள் வேணும். அந்த வேலையைச் செஞ்சது பெரும்பாலும் இளம் பெண்கள். இன்னிக்கு நம்ம ஷீட்ல ஒரு ஃபார்முலா செய்யற வேலையை அன்னிக்கு ஒரு பெரிய ஹால் நிறைய உட்கார்ந்திருந்த பெண்கள் கையாலேயே செஞ்சாங்க. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டதுதானான்னு எப்படித் தெரியும்? தபால் முத்திரை. அதுதான் அந்தக் காலத்து டைம்ஸ்டாம்ப்.

மேட்ச் லிஸ்ட் யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு பணம் ஓடறதைப் பார்த்து ஃபுட்பால் நடத்தறவங்க சும்மா இருப்பாங்களா? இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்குக்குக் கூப்பன்னாலே ஆகாது, ஆட்டத்தைச் சூதாட்டம் கெடுக்குதுன்னு கோபம். 1936ல ஒரு காரியம் பண்ணாங்க. எந்த அணி யார்கூட ஆடுதுங்கற பட்டியலைக் கடைசி நேரம் வரைக்கும் வெளியிடாம ரகசியமா வெச்சாங்க. லிஸ்ட் இல்லன்னா கூப்பன் அச்சடிக்க முடியாதுல்ல?

ஆனா அன்னிக்கு யார் ஆடறாங்கன்னு தெரியலன்னா ரசிகர் எதுக்கு ஸ்டேடியத்துக்கு வரப்போறார்? கூட்டம் குறைஞ்சது, கிளப்புகள் சண்டைக்கு வந்தாங்க, ரெண்டு சனிக்கிழமையிலேயே திட்டத்தைக் கைவிட்டாங்க.

1959ல லீக் வேற வழியில போச்சு. மேட்ச் பட்டியல் எங்க உழைப்பு, அதுக்குக் காப்புரிமை எங்களுக்குன்னு லிட்டில்வுட்ஸ் மேல வழக்குப் போட்டு ஜெயிச்சாங்க. அதுல இருந்து கூப்பன் பணத்துல ஒரு பங்கு ஃபுட்பாலுக்கும் வர ஆரம்பிச்சது. இந்தக் கேள்வி அதோட முடியல. 2012ல ஐரோப்பிய நீதிமன்றம் ஃபுட்பால் டேட்டாகோ வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. பட்டியல் தயாரிக்க உழைப்பும் திறமையும் தேவைப்பட்டா மட்டும் போதாது, அதுல படைப்பாளியோட சொந்தத் தேர்வு இருந்தாத்தான் காப்புரிமைன்னு. டேட்டா யாருக்குச் சொந்தம்னு இன்னிக்கு நம்ம துறையில நடக்கற சண்டையோட தாத்தாக்கள்ல இதுவும் ஒண்ணு.

நடக்காத மேட்ச்சுக்கு ரிசல்ட்

இப்போ ஃபுட்பால் எப்படி வெளிய போச்சுங்கறதுக்கு வருவோம். அது மூணு படியில நடந்துச்சு.

முதல் படி, 1946. யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லற முறையில ஒரு சிக்கல் இருந்துச்சு. ஃபுட்பால் தெரிஞ்ச நிறைய பேர் ஒரே வாரத்துல சரியா சொல்லிட்டா, பரிசு சில்லறையாப் பிரிஞ்சுடும். பெரிய பரிசு வேணும்னா ஜெயிக்கறது கஷ்டமா இருக்கணும். அதனால ட்ரெபிள் சான்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. நீளமான பட்டியல்ல இருந்து எட்டு மேட்ச் எடுக்கணும். டிரா ஆனாத்தான் அதிக பாயிண்ட். கணக்கு போட்டுப் பாருங்க. 50 மேட்ச்ல இருந்து எட்டைத் தேர்ந்தெடுக்க 53 கோடிக்கும் மேல வழி இருக்கு. யார் பலமான அணின்னு தெரிஞ்சு இதுல பெருசா பிரயோஜனம் இல்ல. மக்கள் பிறந்த தேதி, வீட்டு நம்பர்னு போட ஆரம்பிச்சாங்க.

பரிசு மட்டும் பிரம்மாண்டமா ஆச்சு. 1961ல யார்க்ஷயரின் காசில்ஃபோர்டைச் சேர்ந்த கீத் நிக்கல்சன்ங்கற சுரங்கத் தொழிலாளி 152,319 பவுண்ட் ஜெயிச்சார். என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டப்போ அவர் மனைவி விவ் சொன்ன பதில், செலவு, செலவு, செலவு. சில வருஷத்துல கணவர் கார் விபத்துல இறந்துட்டார், பணமும் போயிடுச்சு. அவங்க கதையை வெச்சுப் பின்னாடி நாடகமே எடுத்தாங்க.

ரெண்டாவது படி, பார்க்கவே முடியாத மேட்ச். இங்கிலாந்துல கோடைக்காலத்துல ஃபுட்பால் சீசன் கிடையாது. கூப்பன் நிக்கக் கூடாதே. அதனால 1949ல இருந்து ஆஸ்திரேலியா கிளப் மேட்ச்களைக் கூப்பன்ல போட்டாங்க. பேரைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியாத ஊர்களோட ஆட்டத்துக்கு இங்கிலாந்துக்காரங்க வாராவாரம் டிரா குறிச்சாங்க.

மூணாவது படிதான் உச்சம். 1962-63 குளிர்காலம் பிரிட்டன்ல பயங்கரமானது. மைதானம் எல்லாம் பனிக்கட்டி. வாராவாரம் மேட்ச் ரத்து, அதனால கூப்பனும் ரத்து. கம்பெனிகளுக்குத் தாங்கல. 1963 ஜனவரி 26, சனிக்கிழமை, லண்டன்ல ஒரு அறைக்குள்ள சில பேர் உட்கார்ந்தாங்க. டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங்னு பழைய நட்சத்திர ஆட்டக்காரர்கள், ஆர்தர் எல்லிஸ்ங்கற நடுவர், தலைமைக்கு ஒரு பிரபு, லார்ட் பிரபசான். நடக்காத 38 மேட்ச்சுக்கு அவங்க ரிசல்ட் சொன்னாங்க. 23 மேட்ச்ல சொந்த மைதானத்து அணிக்கு வெற்றி, எட்டுல வெளியூர் அணிக்கு வெற்றி, ஏழு டிரா.

யோசிச்சுப் பாருங்க. பந்தை யாரும் உதைக்கல. ஒரு ரசிகர்கூட மைதானத்துல இல்ல. ஆனா அந்த ரிசல்ட்டை வெச்சு நிஜப் பணம் கை மாறுது. ஃபுட்பால் இல்லாமலே ஃபுட்பால் கணிப்பு நடந்துடுச்சு. அந்தக் குழு ஒரு குளிர்காலத்தோட கலையவும் இல்ல, நிரந்தர ஏற்பாடா ஆயிடுச்சு.

அப்புறம் 1994 நவம்பர்ல பிரிட்டன்ல தேசிய லாட்டரி வந்துச்சு. கூப்பன் தொழில் வேகமா சரிஞ்சது. இதுல ஆச்சரியமே இல்ல. ஏற்கெனவே எண்களைத்தானே குறிச்சிட்டிருந்தாங்க? லாட்டரியில அதே எண், இன்னும் பெரிய பரிசு, மேட்ச் முடியற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒண்ணு, எக்ஸ், ரெண்டு

இதே காலத்துல இத்தாலியில வேற ஒரு கதை. மாசிமோ டெல்லா பெர்கோலா, விளையாட்டுப் பத்திரிகையாளர், யூதர். முசோலினி அரசோட இனவெறிச் சட்டத்தால வேலையை இழந்தார். போர் நேரத்துல தப்பிச்சு சுவிட்சர்லாந்து போய் முகாம்ல இருந்தார். போர் முடிஞ்சா இத்தாலியில இடிஞ்ச ஸ்டேடியங்களை எப்படித் திரும்பக் கட்டறதுன்னு அங்க உட்கார்ந்து யோசிச்சிருக்கார். ஊருக்குத் திரும்பி ரெண்டு நண்பர்களோட சேர்ந்து ஆரம்பிச்சதுதான் சிசால். முதல் போட்டி 1946 மே 5. சொந்த மைதானத்து அணி ஜெயிச்சா 1, வெளியூர் அணி ஜெயிச்சா 2, டிரா ஆனா எக்ஸ். 1948ல அரசு அதை எடுத்துக்கிட்டு டோட்டோகால்ச்சோன்னு பேர் மாத்துச்சு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் நடத்தறதுக்கு அந்தக் கூப்பன் காசு பெரிய உதவி. பிற்பாடு பட்டியல் 13 மேட்ச் ஆனதும், பதிமூணு அடிச்சுட்டான்னா பெரிய அதிர்ஷ்டம்னு இத்தாலிய மொழியிலயே ஒரு வழக்கு வந்துடுச்சு.

இந்த 1, எக்ஸ், 2 முறையை உலகக் கோப்பைக்குக் கொண்டு வந்தா ஒரு வேடிக்கை இருக்கு. உலகக் கோப்பையில போட்டி நடத்தற நாட்டைத் தவிர யாருக்கும் சொந்த மைதானம் கிடையாது. கிளப் ஃபுட்பால்ல எதுவுமே தெரியலன்னா 1ன்னு போடலாம், சொந்த ஊர் அணிக்குச் சாதகம் இருக்கும். 1963 குழுவும் 38ல 23 அப்படித்தான் கொடுத்தாங்க. கத்தார்ல துனிசியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடினா எது 1, எது 2? அட்டவணையில முதல்ல எழுதின பேர் 1, அவ்வளவுதான். பழைய கூப்பன்காரங்களோட எளிய தந்திரம் எதுவும் இங்க உதவாது. அந்த ரெண்டு அணியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுக்கணும்.

ஏன் எல்லாரும் தோக்கறோம்

சரி, தெரிஞ்சுக்கிட்டா ஜெயிச்சுடலாமா? கணிதம் இதைப் பத்தி நல்லாவே பேசியிருக்கு. ஃபுட்பால்ல கோல் அபூர்வம், எப்போ வரும்னு சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிகழ்வுகளை எண்ணறதுக்கு பாய்சான் பரவல்னு பிரெஞ்சுக் கணிதமேதை பேர்ல ஒரு சூத்திரம் இருக்கு. 1982ல மாஹர்ங்கற ஆய்வாளர், ஒவ்வொரு அணிக்கும் தாக்குதல் பலம் ஒரு எண், தடுப்புப் பலம் ஒரு எண்ணுன்னு வெச்சு ஸ்கோரைக் கணிக்கற மாடல் போட்டார். 1997ல டிக்சனும் கோல்ஸும் அதைச் சீர்படுத்தி, பந்தயச் சந்தையையே ஜெயிக்க முடியுமான்னு பார்த்தாங்க. இன்னிக்கு நீங்க டிவியில பார்க்கற வெற்றி வாய்ப்புச் சதவீதத்துக்கு முன்னோடி இவங்கதான்.

நம்ம ஷீட்டுக்கு இதை வெச்சு ஒரு சின்னக் கணக்கு. கத்தார்ல 64 மேட்ச்ல 172 கோல். சராசரி மேட்ச்சுக்கு 2.7 கிட்ட. ரெண்டு சமபல அணி, ஆளுக்கு 1.34 கோல்னு எடுத்துக்கிட்டா, அதிகம் வாய்ப்புள்ள ஸ்கோர் 1-1. அதோட வாய்ப்பு எவ்வளவு? சுமார் 12 சதவீதம். 1-0, 2-1 எல்லாம் 8, 9 சதவீதம். அதாவது இருக்கறதிலேயே புத்திசாலித்தனமான ஸ்கோரைப் போட்டாலும் எட்டுக்கு ஒரு தடவைதான் அச்சு அசலா வரும். உங்க குரூப்ல ரொம்ப விவரமானவருக்கும் ஃபுட்பாலே பார்க்காதவருக்கும் நடுவுல ஏன் பாயிண்ட் வித்தியாசம் கம்மியா இருக்குன்னா, காரணம் இதுதான்.

பால்ங்கற ஆக்டோபஸ் ஞாபகம் இருக்கா? ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் ஊர் மீன் காட்சியகத்துல இருந்துச்சு. 2010 உலகக் கோப்பையில ஜெர்மனியோட ஏழு மேட்ச், கூட ஃபைனல், எட்டுக்கு எட்டு சரி. ஜெர்மனியை செர்பியா ஜெயிக்கும்னுகூட சொல்லுச்சு. காசு சுண்டிப் போட்டு எட்டும் சரியா வர வாய்ப்பு 256ல ஒண்ணு. கேக்கறதுக்குப் பெருசா இருக்கும். ஆனா 256 பேர் இருக்கிற ஒரு போட்டியில அப்படி ஒருத்தர் வர்றது சாதாரணம். லட்சம் பேர் ஆடற ஒரு ஆப்ல முதலிடம் வர்றவரும் பெரும்பாலும் அந்த ஆக்டோபஸ்தான். அவருக்கு என்ன தெரியும்னு நாம கத்துக்க எதுவும் இருக்காது. பன்னிரண்டு பேர் குரூப்ல அப்படி இல்ல. அவர் ஏன் மொராக்கோன்னு போட்டார்னு அவரையே கேக்கலாம். அவர் சொல்ற காரணம் தப்பா இருந்தாக்கூட அடுத்த மேட்ச்ல நீங்க மொராக்கோவோட தடுப்பாட்டத்தைக் கவனிப்பீங்க.

90 நிமிஷமா, 120 நிமிஷமா

2022 டிசம்பர் 18, ஃபைனல். 80 நிமிஷம் முடியப்போகுது, அர்ஜென்டினா 2-0. எம்பாப்பே 80வது நிமிஷம் ஒண்ணு, 81வது நிமிஷம் ஒண்ணு. 90 நிமிஷம் முடிஞ்சப்போ 2-2. கூடுதல் நேரத்துல மெஸ்ஸி 108வது நிமிஷம், எம்பாப்பே 118வது நிமிஷம். 3-3. பெனால்டியில அர்ஜென்டினா 4-2.

இப்போ சொல்லுங்க. ஒருத்தர் 2-2ன்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் அர்ஜென்டினா ஜெயிக்கும்னு 2-1 போட்டிருக்கார். பாயிண்ட் யாருக்கு? பழைய கூப்பன் மரபுப்படி 90 நிமிஷத்து ஸ்கோர்தான் கணக்கு, அப்போ 2-2 போட்டவருக்கு முழுப் பாயிண்ட். 120 நிமிஷம்னா ரெண்டு பேருக்கும் ஸ்கோர் தப்பு, டிரான்னு சொன்னதுக்கு மட்டும் முதல் ஆளுக்கு ஒண்ணு. கோப்பை யாருக்குங்கறதுதான் கணக்குன்னா ரெண்டாவது ஆளுக்கு. காலிறுதியில பிரேசில், குரோஷியா மேட்ச்லயும் இதே கதை. 90ல 0-0, 120ல 1-1, பெனால்டியில குரோஷியா.

மூணு விடையும் நியாயம்தான். ஆனா எதுன்னு முதல் மேட்ச்சுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். ஃபைனல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விதி எழுத உட்கார்ந்தா, யார் முன்னாடி இருக்காரோ அவர் விருப்பத்துக்குத்தான் விதி வரும். கம்பெனிகள் தாளோட பின்பக்கம் பொடி எழுத்துல பக்கம் பக்கமா விதி அச்சடிச்சதுக்குக் காரணம் இதுதான்.

2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா வெச்சிருக்கற அமைப்பு இதை இன்னும் சிக்கலாக்குது. 48 அணி, 12 பிரிவு, 104 மேட்ச். ஒவ்வொரு பிரிவிலயும் முதல் ரெண்டு அணி, கூட மூணாவது இடம் வந்தவங்கள்ல சிறந்த எட்டு அணி. 12ல எந்த எட்டுங்கறதுக்கு மட்டும் 495 சாத்தியம். ஷீட் போடறவங்க அடுத்த சுற்றுல யாருக்கு யார் எதிரின்னு தானா வர்ற மாதிரி ஃபார்முலா எழுதணும்னா அந்த 495 வரி அட்டவணையை உள்ள போட்டாகணும். 104 மேட்ச் கணிக்கறதுன்னா நடுவுல பாதிப் பேர் களைச்சுப் போயிடுவாங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கும் நம்பிக்கை இருக்கணும்னா நாக்அவுட் மேட்ச்சுக்குப் பாயிண்டை ரெட்டிப்பாக்கறது நல்ல வழி.

காசு எங்க நிக்குது

இப்போ நம்ம ஊர் விஷயம் ஒண்ணு சொல்லியாகணும். தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத்துல பணத்தை இழந்து பல பேர் உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க. 2022 அக்டோபர்ல அதைத் தடுக்க அவசரச் சட்டம் வந்துச்சு. மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைக்காததால, கத்தார் உலகக் கோப்பை நடந்துட்டிருந்த நவம்பர் கடைசியில அது காலாவதி ஆச்சு. சட்டசபை ரெண்டாவது தடவை நிறைவேத்தி, 2023 ஏப்ரல்லதான் சட்டமாச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டு வந்துச்சு.

பந்தய ஆப்களோட வழி, நூறு வருஷக் கூப்பனோட வழியேதான். முதல்ல யார் ஜெயிப்பாங்க. அப்புறம் அடுத்த கோல் யாரு, அடுத்த கார்னர் எந்தப் பக்கம். நிமிஷத்துக்கு ஒரு பந்தயம். எதிர்ல இருக்கறது யாருன்னு தெரியாது. அங்க மேட்ச் ஒரு சாக்கு, 1963ல அந்த அறைக்குள்ள இருந்த மாதிரி மேட்ச் இல்லாமலே ஓடும். கூப்பன்ல ஆடினவர் வாரம் ஒரு தடவைதான் தோக்க முடியும், தோத்ததும் ஒரு வாரம் யோசிக்க நேரம் இருந்துச்சு. போன்ல அந்த ஒரு வாரம் கிடையாது. அதுதான் உயிர் வரைக்கும் போகுது.

நண்பர்கள் ஷீட்ல நடக்கறது வேற. 2022 நவம்பர் 26, சனிக்கிழமை மத்தியானம் மூணரை மணி, துனிசியா, ஆஸ்திரேலியா. சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ அந்த மேட்ச்சைப் பார்க்க ஒருத்தருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஷீட்ல 1-0ன்னு போட்டிருக்கணும். 23வது நிமிஷம் மிட்செல் டியூக் தலையால ஒரு கோல் அடிச்சார். அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல, முன்பின் தெரியாத ஒரு அணி கோல் வாங்காம இருக்கணும்னு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பார். அது 1-0லயே முடிஞ்சது. அன்னிக்கு இங்கிலாந்துக்காரர் பார்க்காம குறிச்ச ஆஸ்திரேலியாவை, இன்னிக்கு நம்மாள் உட்கார்ந்து பார்க்கறார்.

அடுத்த உலகக் கோப்பைக்கோ யூரோவுக்கோ நீங்க குரூப் ஆரம்பிக்கறதா இருந்தா மூணே விஷயம். ஒண்ணு, 90 நிமிஷமா 120 நிமிஷமான்னு முதல்லயே எழுதுங்க. ரெண்டு, மேட்ச் ஆரம்பிச்சதும் ஷீட்டைப் பூட்டுங்க, தபால் முத்திரைக்குப் பதிலா குரூப் மெசேஜோட நேரம் போதும். மூணு, காசைச் சேர்க்காதீங்க. பிரியாணியைத் தோத்தவங்க வாங்கிக் கொடுக்கட்டும், அதுவும் அடுத்த வாரம். 1923ல ஜான் மூர்ஸ் ஆட்களை நம்பின மாதிரி நீங்களும் உங்க ஆட்களை நம்பலாம்.

உங்க குரூப்ல ஃபைனலுக்கு யாருக்குப் பாயிண்ட் கொடுத்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.